வலையை இறக்கிக் கட்டுங்கள், தம்பி

வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் விளையாட்டுக் கழகச் செயலாளர் கேட்டிருந்தார்: "எங்கள் கழகத்தில் 14 வயதுக்குட்பட்ட கரப்பந்தாட்ட அணி தொடங்கியபோது முப்பதுக்கு மேல் பெடியன்கள் வந்தார்கள். மூன்று வருடத்தில் ஐந்து பேர்தான் மிச்சம். பெண் பிள்ளைகள் ஒருவருமே வருவதில்லை. எல்லாவற்றுக்கும் ரியூசன்தான் காரணம் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். இந்த வயதுப் பிள்ளைகளை எப்படிக் கழகத்தில் வைத்திருப்பது? கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் உதவி செய்யத் தயார், அவர்களிடம் எதற்குக் கேட்பது?"

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். போய்விட்ட அந்த இருபத்தைந்து பேரும் இப்போது பின்னேரங்களில் என்ன செய்கிறார்கள் என்று ஊருக்குள் விசாரியுங்கள். எங்கள் கழகத்தில் இதே பிரச்சினை வந்தபோது நானும் விசாரித்தேன். பாதிப்பேர் கோயில் வீதியிலும் ஆரோ வெளிநாட்டில் இருப்பவரின் வெறும் வளவுக்குள்ளும் மென்பந்து அடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் பக்கத்து ஊர்க் கழகத்தில் உதைபந்து விளையாடினார்கள். ஒருவன் தம்பிமாருக்குக் கிளித்தட்டுக் கோடு கீறிக்கொடுத்துக்கொண்டு நின்றான். விளையாட்டை அடியோடு விட்டவர்கள் மூன்று நாலு பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் விட்டது எங்களைத்தான். அன்றைக்குத்தான் நிர்வாகக் கூட்டத்தில் ரியூசனைத் திட்டுவதை நிறுத்தினேன்.

ரியூசனுக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குச் சைக்கிளை எடுத்தால் ஆறு மணிக்குத்தான் வீடு. மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆனி மாதத்தில்கூட ஆறரையைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் வெளிச்சம் நிற்கும். ஞாயிறு வகுப்புகளைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எத்தனை கூட்டம் வைத்துக் கதைத்தாயிற்று. அதை நீங்களும் நானும் மாற்றப் போவதில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் ஏழு நாளும் ஒரே நேரத்தில் வகுப்பு இருப்பதில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பிள்ளைகளின் பெயரைக் கீழே கீழே எழுதி, ஏழு நாளுக்கும் ஏழு கட்டம் கீறி, ஆர் ஆர் எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டு நிரப்பினேன். செவ்வாய் பின்னேரமும் சனி விடியவும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வெறுமையாகக் கிடந்தன. நாங்கள் பயிற்சி வைத்ததோ திங்கள், புதன், வெள்ளி. ஏன் அந்த நாட்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எப்போதோ வேலைக்குப் போய்வந்த அண்ணன்மார் தங்கள் வசதிக்கு வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. நாளை மாற்றிய மூன்றாம் கிழமை பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவரையும் நாங்கள் போய்க் கூப்பிடவில்லை.

நாளை மாற்றுவது சின்ன வேலை. பெரிய வேலை, கழகம் ஆருக்காக நடக்கிறது என்று ஒளிக்காமல் பார்ப்பது. எங்கள் கழகங்கள் அநேகமாகச் சுற்றுப்போட்டிக்காக வாழ்பவை. வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய போட்டி, மின்னொளி, ஒலிபெருக்கி, பரிசுத்தொகை. அந்த ஆரவாரம் எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் போட்டியில் 15 வயதுப் பிள்ளைக்கு என்ன இடம்? கோடு போட, பந்து பொறுக்க, தண்ணீர் கொடுக்க. பரிசுத்தொகை கூடக் கூட வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கி விளையாடும் பழக்கமும் வந்துவிட்டது. ஒரு கழகம், பெயர் வேண்டாம், இறுதிப் போட்டிக்கு ஆறு பேரில் நாலு பேரை வெளியில் இருந்து கொண்டுவந்தது. வென்றார்கள். கோப்பையோடு படம் எடுத்தார்கள். அந்த ஊரின் 17 வயதுப் பெடியன் ஒருவன் ஜேர்சியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை நான் வாசலில் நின்று கண்டேன். அவன் போட்டி முடியும்வரை வாங்கிலில்தான் இருந்தான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் ஏன் வர வேண்டும்?

ஆகவே என் முதல் விதி: பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒரு முறையாவது மத்தியஸ்தர், புள்ளி எழுதுபவர், எதிரணி எல்லாம் உள்ள உண்மையான போட்டி ஒன்றில் விளையாட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. பக்கத்துக் கழகம் இரண்டோடு கதைத்து, இரண்டாம் அணிக்கும் மூன்றாம் அணிக்கும் சனிக்கிழமை காலையில் மாறி மாறி ஆட்டம் வைக்கலாம். கோப்பை வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம், மாலை வேண்டாம். முடிய ஆளுக்கொரு பணிசும் பிளேன்ரீயும் கொடுத்தால் சந்தோசமாகப் போவார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு 8.00 மணி என்றால் 7.40க்கே வந்து நிற்பார்கள், பாருங்கள்.

இனி வலைக்கு வருகிறேன். கரப்பந்தாட்டத்தில் ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். ஊர்த் திடலில் ஒரு சோடிக் கம்பம், ஒரு சோடிக் கொக்கி, அது 2.43இல். சின்னப் பெடியன்களும் அதே வலையில்தான் பழகுகிறார்கள். 13 வயதுப் பிள்ளை எவ்வளவு பாய்ந்தாலும் கை வலைக்கு மேலே போகாது. அடித்து இறக்குவதுதானே இந்த ஆட்டத்தின் ருசி? அதை அவன் மூன்று வருடம் பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஒரு நாளும் அனுபவித்ததில்லை. வெல்டிங் கடையில் சொல்லிக் கம்பத்தில் இன்னும் இரண்டு கொக்கி ஒட்டுவித்தோம், 2.24இல் ஒன்று, இன்னும் கொஞ்சம் கீழே ஒன்று. முதல் நாள் கீழே கட்டியபோது ஒருவன் அடித்த பந்து எதிர்ப்பக்கத்து மண்ணில் குத்தியது. எல்லோரும் கத்தினார்கள். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். என் சேவைக்காலத்தில் நான் செய்த மிக மலிவான சீர்திருத்தம் அதுதான்.

உதைபந்திலும் இதே கதைதான். பெரியவர்களின் முழுத் திடலில் பதினொரு பேராக விட்டால் சின்ன ஆளுக்கு ஆட்டம் முழுக்க நாலு தரம் பந்து காலில் பட்டால் பெரிய விஷயம். எங்கள் பக்கத்தில் ஏழு பேர், ஒன்பது பேர் என்று ஆடும் வழக்கம் இருப்பது நல்லதுக்குத்தான். பழகும் வயதில் ஆள் குறையக் குறையப் பந்து கூடக் கிடைக்கும்.

உடம்பைப் பற்றி எங்கள் பயிற்றுநர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை, அதற்கு ஒரு பிள்ளையை இழந்தேன். வேகமாக உயரும் காலம் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14ஐ ஒட்டியும் வரும். ஒரு வருடத்துக்குள் எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் கூட ஏறிவிடலாம். கையும் காலும் நீண்டுவிடும், மூளை இன்னும் பழைய அளவிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். நேற்று வடிவாக விழுந்த சேர்விஸ் இன்று வலையில் முட்டும். என்னிடம் பழகிய ஒரு பெடியன் 13 வயதில் பத்துக்கு ஒன்பது சேர்விஸ் போடுவான். அடுத்த வருடம் பத்துக்கு நாலு. "கவனம் இல்லை, போனிலேயே கிடக்கிறாய்" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். இரண்டு கிழமையில் நின்றுவிட்டான். பல வருடம் கழித்து ஒரு ஹாட்வெயார் கடையில் கண்டேன், கல்லாவில் இருந்தான். "சேர், அப்ப முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு வீங்கி நோகும். பாய்ந்து இறங்க ஏலாது. சொல்ல வெட்கமாக இருந்தது" என்றான்.

அந்த நோவுக்கு ஒஸ்குட் ஸ்லாட்டர் என்று பெயர். வளரும் வயதில் தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பற்றும் இடத்தை இழுத்து இழுத்து வரும் வருத்தம். பாய்வதும் ஓடுவதும் கூடிய விளையாட்டுகளில் அடிக்கடி காணலாம். அநேகமாக வளர்ச்சி நிற்கும்போது அதுவும் அடங்கிவிடும். செய்ய வேண்டியது பாய்ச்சலைக் குறைத்து, நோவுக்கேற்ப வேலையை மாற்றி, கூடினால் வைத்தியரிடம் காட்டுவது. அந்தப் பிள்ளைக்கு அந்த மாதங்களில் நின்ற இடத்தில் பந்து தூக்கவும் கீழ்க்கையால் எடுக்கவும் பழக்கியிருக்கலாம். நான் ஏசினேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்து கொப்பியில் எழுதுகிறோம். திடீரென்று ஏறியவனைக் கண்டால் எல்லோருக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்: "இவர் இப்ப வளருகிறார், ஆறு மாதத்துக்குப் பந்து இவர் சொல்லுக் கேளாது." சிரிப்பார்கள். வெட்கம் போய்விடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. வயதுப் பிரிவை ஜனவரி முதலாம் திகதியை வைத்துப் பிரிக்கிறோம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, இடையில் கிட்டத்தட்ட ஒரு வருடம். 13 வயதில் ஒரு வருடம் என்றால் உயரத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். தேர்வின்போது ஜனவரிக்காரன் கெட்டிக்காரனாகத் தெரிவான். கனடாவின் பனி ஹொக்கியில் எண்பதுகளிலேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள், பிறகு உலகம் முழுக்கப் பல விளையாட்டுகளில் பார்த்தாயிற்று. உங்கள் அணியின் பிறந்த திகதிகளை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். வருடக் கடைசியில் பிறந்த, இன்னும் மீசை அரும்பாத பிள்ளையை 14இல் கழித்துவிட்டால் 18இல் அவன் ஆறடி உயரத்தில் வேறு கழகத்துக்கு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

ஒஸ்லோவில் எங்கள் சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நோர்வேயில் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. 13 வயதாகும் வருடத்துக்கு முன் எந்தப் பிள்ளையும் தேசியச் சாம்பியன் போட்டியில் பங்குபற்ற முடியாது. அதனால் அவர்கள் பின்தங்கிவிடவில்லை. ஐம்பது இலட்சம் சொச்சம் சனம் உள்ள நாடு, 2018இலும் 2022இலும் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆகக் கூடிய பதக்கங்களை எடுத்தது. எங்கள் ஊரில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆளுயரக் கோப்பை. 14இல் அவனுக்கு எல்லாம் அலுத்துவிடுகிறது.

சரி, பரீட்சை. சாதாரண தரத்துக்கு ஒரு வருடம் முன்பும், உயர் தரத்துக்கு இரண்டு வருடம் முன்பும் பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை நடக்கும் மாதங்களும் மாறி மாறி வருவதால் கழகத்தின் வருடத் திட்டமும் குழம்பிவிடுகிறது. இங்கே நான் கண்ட உண்மை: படிப்புக்காக நிற்கும் பிள்ளை சொல்லிவிட்டு நிற்பதில்லை. ஒரு கிழமை வராது, அடுத்த கிழமையும் வராது, பிறகு உங்களைக் கண்டால் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பும். நாலு மாதம் இப்படி ஒளித்தவனுக்குத் திரும்பி வர முகம் இருக்காது. அதனால் நாங்கள் 'பரீட்சை லீவு' என்று ஒன்றைக் கொண்டுவந்தோம். பிள்ளை ஒரு கடுதாசி எழுதித் தர வேண்டும்: இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை வரமாட்டேன், பரீட்சை முடிந்த முதல் சனிக்கிழமை வருவேன். செயலாளர் அதில் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுப்பார். பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும், ஜேர்சி இலக்கத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. லீவில் இருப்பவர் விரும்பினால் ஞாயிறு மட்டும் வந்து அரை மணி நேரம் ஓடிவிட்டுப் போகலாம், ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது. தொடங்கியபோது நிர்வாகத்தில் சிரித்தார்கள், இது என்ன அரசாங்கக் கச்சேரியா, கடுதாசி எழுத என்று. ஆனால் பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. தங்களையும் பெரிய ஆள் மாதிரி மதிக்கிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. பரீட்சை முடிந்த அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கென்று ஒரு ஆட்டம் வைத்தோம்.

உயர் தரம் எழுதி முடித்து, முடிவு வந்து, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலே போகிறது. கழகத்துக்கு அது பொற்காலம், ஆனால் அந்த வயதுப் பிள்ளையை ஆரும் தேடிப் போவதில்லை. அவர்களில் இரண்டு பேரை 12 வயதுக்குட்பட்டவர்களின் பயிற்சிக்கு உதவியாளராகப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் "அண்ணா, அண்ணா" என்று சுற்றி நிற்கும்போது அவர்களுக்கு வரும் பொறுப்பு, நாங்கள் மேடையில் ஏறிச் சொல்லும் புத்திமதியால் வராது.

பெற்றோரைப் பற்றி. ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சேர், பந்தடிச்சு இவன் என்ன வரப்போறான்?" இந்தக் கேள்விக்கு வியாஸ்காந்தைக் காட்டிப் பதில் சொல்லாதீர்கள். யாழ். மத்திய கல்லூரியிலிருந்து போய் 2024இல் ஐ.பி.எல்.வரை விளையாடிய விஜயகாந்த் வியாஸ்காந்தை நினைத்து எங்கள் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அந்தத் தாயின் பிள்ளை அப்படி வருவான் என்று நீங்கள் சொன்னால் அது பொய், அவருக்கும் அது தெரியும். விளையாட்டுத் திறமைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வழி இருக்கிறது, சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. இவை மிகச் சிலருக்கு. நான் அந்தத் தாய்க்குச் சொன்னது வேறு. 5 முதல் 17 வயதுவரை ஒரு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சீனி வருத்தம் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. பிறகு நேரத்தைச் சொன்னேன்: "செவ்வாய் நாலரைக்கு வருவான், ஆறேகாலுக்கு விடுவேன், ஆறரைக்கு வீட்டில் இல்லாவிட்டால் எனக்கு எடுங்கோ." அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வசனம்தான். போதைப்பொருளும் வாள்வெட்டும் பேப்பரில் வராத கிழமை இல்லை என்றாகிவிட்ட ஊரில் தாய்மார் பயப்படுவது நேரத்துக்கும் சேர்க்கைக்கும்தான்.

சேர்க்கை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போட்டி முடிந்த இரவு கழகத்துக்குப் பின்னால் பெரியவர்கள் போத்தல் திறந்தால், அடுத்த நாள் காலையில் ஊருக்கே தெரியும். பத்துப் பிள்ளைகள் அதோடு நிறுத்தப்படுவார்கள், ஒரு தாயும் உங்களிடம் காரணம் சொல்ல மாட்டார், "ரியூசன்" என்று சொல்வார். நிர்வாகம் இதை நேரே கதைக்க வேண்டும். அதேபோல எந்தப் பயிற்றுநரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறைக்குள் இருக்கக்கூடாது, தனித்தனியாக இரவில் செய்தி அனுப்பக்கூடாது. குழுவில் போடும் செய்தியில் பெற்றோர் ஒருவரும் இருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கழகச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். "எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் நடக்காது" என்று சொல்லும் ஆள்தான் எனக்கு முதற் சந்தேகம்.

பெண் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு விளையாட்டு வராது என்று ஆரும் சொன்னால் தெல்லிப்பழைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியை நாடே அறியும். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரனும் அங்கே படித்தவர்தான். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வலைப்பந்துச் சாம்பியனான இலங்கை அணியில் நின்றவர். இவர்களுக்குப் பின்னால் பாடசாலையும் ஆசிரியர்களும் இருந்தார்கள். பாடசாலை முடிந்த பிறகு ஊர்க் கழகம் பெண்ணுக்கு என்ன வைத்திருக்கிறது? எங்கள் கழகத்தில் வருடம் ஒருமுறை சங்கீதக் கதிரை இருந்தது.

நானும் ஒரு ஆசிரியையும் சேர்ந்து 15 வயதுப் பிள்ளைகள் ஆறு பேரை இருத்தி, ஏன் வருவதில்லை என்று கேட்டோம். நான் பக்கத்தில் இருந்தவரை "வீட்டில விடமாட்டினம்" என்ற ஒரே பதில். நான் எழும்பிப் போன பிறகு ஆசிரியையிடம் சொன்னார்கள். கழகத்தில் மலசலகூடக் கதவுக்கு உள்கொண்டி இல்லை. மாதவிடாய் நாளில் வெள்ளைக் காற்சட்டை போட ஏலாது. மதிலில் குந்தியிருந்து அண்ணன்மார் பகிடி பண்ணுகிறார்கள். ஆறு மணிக்குப் பிறகு ஒழுங்கை இருட்டு. ஒரு பிள்ளை மட்டும், "எனக்கு விளையாடத் தெரியாது, இப்ப வந்து பழகினால் சிரிப்பினம்" என்றதாம். ஐந்தில் நாலு காரணம் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாவோடும் கொஞ்சம் துணிவோடும் தீருகிறவை. கொண்டி பூட்டினோம். கறுப்பு நீளக் காற்சட்டையைச் சீருடையாக்கினோம். கிழமையில் வேறொரு நாள் நாலரையிலிருந்து ஐந்தரைவரை திடல் பெண்களுக்கு மட்டும், மதிலில் ஒருவரும் இருக்கக்கூடாது என்று அறிவித்தோம். இதில் அண்ணன்மார் இரண்டு பேர் என்னோடு கோபித்து ஒரு மாதம் கதைக்கவில்லை. தெரியாது என்ற பிள்ளைக்காகப் 'புதிதாகப் பழகுபவர்' என்று தனிக் குழு ஒன்று தொடங்கினோம், 16 வயதிலும் அதில் சேரலாம். சின்ன வயதில் தொடங்காதவர்களுக்குக் கழகத்தில் கதவே இல்லாமல் இருந்ததை அந்தப் பிள்ளை சொல்லித்தான் கவனித்தேன்.

எல்லோரும் வீரர்களாக வேண்டியதில்லை. வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டியைப் பாருங்கள். 1904இல் தொடங்கியது, யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் மூன்று நாளும் எழுபது வயதுப் பழைய மாணவர்கள் கொட்டகைக்குள் தொண்டை கட்டும்வரை கத்துகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லூரி அணிக்கு ஆடியவர்கள்? அணிக்குப் பதினொரு பேர்தான். மற்றவர்கள் வருவது அது தங்களுடையது என்பதால். உங்கள் கழகத்திலும் விளையாட்டுச் சுமாராக உள்ள பிள்ளைக்கு வேலை இருக்கிறது: புள்ளித்தாள் எழுத, கோட்டு மத்தியஸ்தராக நிற்க, முதலுதவிப் பெட்டி பார்க்க, போட்டியை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போட. ரொறன்ரோவில் விடிய எழும்பி அதைப் பார்க்கும் பெரியப்பா "ஆரடா கமெரா பிடிக்கிறது, ஆடாமல் பிடி" என்று எழுதுவார், இவனுக்குப் புழுகம் தாங்காது. 18 வயதுக்கு உட்பட்ட இரண்டு பேரை, ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக, நிர்வாகக் கூட்டத்தில் இருத்துங்கள். தேநீர் ஊற்ற இருத்தாதீர்கள். பயிற்சி நாளை மாற்றுவதென்றால் அவர்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவைப் புதுப்பித்து வைத்திருங்கள். பிரதேச விளையாட்டு விழா, அங்கிருந்து மாவட்டம், மாகாணம், தேசியம் என்று ஒரு ஏணி ஏற்கெனவே இருக்கிறது. இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகத்தில் 13 வயதிலிருந்து 29 வரை சேரலாம், அதற்கும் தனி விளையாட்டு விழா உண்டு.

கனடாக் காசுக்கு வருகிறேன். அவர்கள் பெரும்பாலும் கோப்பையும் பரிசுத்தொகையும் பெயர்ப்பலகையும் தர விரும்புவார்கள், படத்தில் தெரியும் என்பதால். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மனம் நோகும். அதற்கு முன் வேறு பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். உள்கொண்டி உள்ள இரண்டு மலசலகூடம். பன்னிரண்டு பந்து, ஏனென்றால் இருபது பேருக்கு இரண்டு பந்து என்றால் பயிற்சி என்பது வரிசையில் நிற்பதுதான். இரண்டாம் வலை. ஒழுங்கை முகப்பில் ஒரு லைற். ஒரு பெண் பயிற்றுநருக்குப் போக்குவரத்துச் செலவு. அவர்களின் பிள்ளைகள் கழித்த பூட்ஸ்களைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், அளவு எழுதி ஒரு அலுமாரியில் அடுக்கினால் வாங்க வசதியில்லாத பிள்ளை ஆரிடமும் கேட்காமல் எடுத்துப் போடும், கால் வளர்ந்ததும் திருப்பி வைக்கும்.

ஐப்பசி பிறந்தால் மழை தொடங்கிவிடும், கார்த்திகையில் திடல் தண்ணீருக்குள் கிடக்கும். அதற்கு முன் ஐந்தாறு சனிக்கிழமை உங்களுக்கு இருக்கிறது. கொக்கி ஒட்டும் வேலைக்கு வெல்டிங் கடைக்காரர் அரை நாள்தான் கேட்பார். கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போகாதீர்கள், திரும்ப நாட்டும்போது சரிந்துவிடும். அவரைத் திடலுக்கு வரச் சொல்லுங்கள், மின்சாரத்துக்கு ஒரு நீளமான வயர் மட்டும் தேவை.